ஜீவனஹள்ளியில் நடக்காத இரண்டாம் பாதி

கதிரேசன் சாமியாராகப் பிறந்திருக்க வேண்டியவர். எப்படியோ தர்மபுரி தாலுகா ஆபீசில் கிளார்க்காகிவிட்டார். நெஞ்சு வரை தாடி, கணீரென்ற குரல், எதிரே நிற்பவரை விட்டுவிட்டு அவர் தலைக்கு மேலே எதையோ பார்க்கிற கண். காவி வேட்டியும் ருத்திராட்சமும் ஏறிவிட்டால் அவர் வீட்டுக்காரம்மாவே ஒரு நிமிடம் யோசிப்பார். எங்கள் அறிவியல் குழு ஊர் ஊராகப் போய் நடத்திய நிகழ்ச்சியில் போலிச் சாமியார் வேஷம் அவருக்கு. நான் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அவருக்கு வசனம் எழுதிக்கொடுப்பதும், எல்லோரையும் கிளப்பி விரட்டுவதும் என் வேலை. விரட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று குழுவில் சொல்வார்கள். பாராட்டித்தான் சொல்கிறார்களா என்று நான் கேட்டதில்லை.

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊரே டம்ளரும் கையுமாக வரிசையில் நின்றதே, அதற்கு மறுவருடம் அது. எங்களுக்கு எல்லாப் பக்கமிருந்தும் அழைப்பு. பெங்களூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர், எனக்குப் பழைய சிநேகிதி. "இங்கேயும் நம்ம ஜனங்க எக்கச்சக்கம் இருக்காங்க. ஸ்கூலுக்கு ஸ்கூல் வொர்க்‌ஷாப் வெக்கலாம். ஒரு சாயங்காலம் உங்க சாமியாரையும் இறக்கிடலாம்" என்றார். கல்லூரியில் நான்கு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

எங்கள் நிகழ்ச்சியின் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பாதியில் கதிரேசன் நிஜச் சாமியாராகவே வருவார். வெறுங்கையிலிருந்து விபூதி கொட்டும். நாக்கில் கற்பூரம் எரியும். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் ரத்தம் வரும். தீப்பெட்டி இல்லாமல் ஹோமகுண்டம் பற்றிக்கொள்ளும். அவர் யார் என்று யாருக்கும் சொல்ல மாட்டோம். பிறகு ஒரு இடைவேளை. இரண்டாம் பாதியில் அவர் பேண்ட் சட்டையோடு வந்து, அத்தனையையும் மெதுவாகத் திரும்பச் செய்து காட்டி, பிள்ளைகளை மேடையேற்றிச் செய்யவும் வைப்பார். ஜனங்கள் சிரித்து உருளுவார்கள்.

"ஒவ்வொண்ணையும் அப்பப்பவே உடைச்சுடலாமே டீச்சர்" என்று கதிரேசன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுசாக நம்பின பிறகு உடைத்தால்தான் மனதில் நிற்கும் என்பது என் கட்சி. இடைவேளையை வைத்ததே நான்தான். முதல் பாதி முடிகிற இடத்தில் ஒரு வசனமும் எழுதியிருந்தேன். "மாத்திரை எதற்கு? மருந்து எதற்கு? இதோ மருந்து!" என்று சொல்லி விபூதியைக் கொட்டுவார். இரண்டாம் பாதியில் அந்த வசனத்தைப் பிய்த்துப் போடும்போதுதான் கைதட்டல் அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெங்களூரில் காலையில் இறங்கியதும் குளிர். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கே முதுகு வேர்த்திருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டோம். சாம்பாரில் வெல்லம். கதிரேசன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாயசத்துல முருங்கைக்காய் போட்டிருக்காங்க டீச்சர்" என்றார் ரகசியமாக. ஆனால் காபி அருமை. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கு போட்டு 'பை டூ' என்று கேட்டு வாங்குகிறார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அந்த அரை டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு வீடு விற்பதைப் பற்றிப் பேசி முடித்தார்கள். எனக்கு அந்த நிதானத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை. முழு டம்ளரை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் ஈஜிபுராவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பஸ் போர்டு எல்லாம் கன்னடத்தில். எனக்கு எழுத்தும் தெரியாது, காத்திருக்கப் பொறுமையும் கிடையாது. "கேட்டுட்டு ஏறலாம்" என்று கதிரேசன் சொல்லச் சொல்ல, வந்த பஸ்ஸில் ஏறினேன். அது நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "அம்மா, நீங்க எறங்கி எதிர் சைடுல நில்லுங்க. ஓடாதீங்க, பஸ்ஸு வரும்" என்றார் தமிழில். அவர் வீட்டில் தெலுங்காம். இந்த ஊரில் ஒரு ஆளுக்கு மூன்று பாஷை சர்வ சாதாரணமாக இருக்கிறது. எனக்கு ஒன்றேகால்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தால், தலைமையாசிரியர் எங்கள் தமிழ் பேனரைப் பார்த்துக் கையைப் பிசைந்தார். காவிரித் தகராறில் அந்தத் தெருவில் கடைகள் எரிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. "உள்ளே கட்டிக்கலாம் மேடம், கேட்டுல வேணாம்" என்றார். சரி என்று சுருட்டி வைத்தேன். அவர் பயந்ததில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்கு முகம் கடுகடுவென்றுதான் இருந்திருக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து நோட்டீஸ். ஒவ்வொரு பரிசோதனைக்கும் விளக்கம் எழுதி, படம் போட்டு, சேலத்தில் அச்சடித்து ஒரு பெட்டி நிறையத் தூக்கி வந்திருந்தேன். பிள்ளைகள் எல்லாம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆகவே தமிழில் படிப்பார்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவர்களோ கன்னடத்தில் படிக்கிறவர்கள். ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. ஒரு பெண் நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்தை ரசித்தாள். பின்வரிசையில் ராக்கெட் பறந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் ஸ்டெல்லா.

"நேரம் இல்லை" என்றேன்.

"உனக்கு என்னைக்குத்தான் இருந்துச்சு?"

நல்லவேளை, டம்ளருக்கு எந்தப் பாஷையும் வேண்டியதில்லை. தண்ணீர் நிறைந்த டம்ளரை அட்டையால் மூடிக் கவிழ்த்தேன். அட்டை விழவில்லை. காற்றழுத்தம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒருத்தி எழுந்து, "காத்து கீழேருந்து தள்ளுது மிஸ்" என்றாள். அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு டம்ளரைக் கவிழ்த்துத் தரையெல்லாம் குளமாக்கிவிட்டார்கள். தலைமையாசிரியரும் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார், அவர் சட்டைதான் நனைந்தது. சாயங்காலம் பேக்கரியில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்ட கார பன் வாங்கித் தின்றுகொண்டே பிரேசர் டவுன் திரும்பினோம். ஸ்டெல்லா வீட்டில் தேங்காய்ச் சோறும் கோழிக் குழம்பும் காத்திருந்தன. சாப்பிட்டு முடிக்கும் முன்பே மறுநாள் நிகழ்ச்சிக்கு வேண்டிய சாமான்களைப் பிரித்துப் போட்டு எண்ணெய்க் கையோடு அடுக்க ஆரம்பித்தேன். என்னால் அப்படித்தான் முடியும்.

இரண்டாம் நாள் ஜீவனஹள்ளி. காக்ஸ் டவுனை ஒட்டி ரயில் பாதைப் பக்கம் நெருக்கி நெருக்கிக் கட்டின வீடுகள். அங்கே இளைஞர் சங்கச் செயலாளர் குமார் என்று ஒருவர். ஆட்டோ ஓட்டுகிறார். எங்களைப் பார்த்ததும் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடி வந்தார்.

"மேடம், பேஜாரே வேணாம். ஜனம் பிச்சிக்கினு வரும். காலையிலேருந்து மைக்ல சொல்லிகினே இருக்கேன்."

என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மேடை தாழ்வாக இருக்கிறதே, விளக்கு அந்தப் பக்கம் வேண்டுமே என்று அதிலேயே பறந்துகொண்டிருந்தேன். அறிவியல் நிகழ்ச்சி என்று சொன்னால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று, "தர்மபுரியிலிருந்து சாமி வருகிறார், அனைவரும் வருக" என்று அவர் தெருத் தெருவாக அறிவித்திருந்த விஷயம் எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

கூட்டம் நெரிந்தது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கதிரேசன் அன்று உச்சத்தில் இருந்தார். எலுமிச்சம்பழத்திலிருந்து சிவப்பாகச் சொட்டியபோது ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கத்தியில் செம்பருத்திச் சாறு தடவிக் காய வைத்திருந்தது நான்தான், அப்படியும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஹோமகுண்டம் குப்பென்று பற்றியபோது "ஓ" என்று ஒரு சத்தம் தெருக் கோடி வரை போனது. கடைசியாக விபூதி. "மாத்திரை எதற்கு? மருந்து எதற்கு?" என்று அவர் குரலை எழுப்பினார். அப்போது ஒரு பெண் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் காலடியில் நிறுத்தினாள்.

இது எங்கள் வசனத்தில் இல்லை. கதிரேசன் ஒரு கணம் என்னைப் பார்த்தார். விடாதீர்கள் என்று நான் கையைக் காட்டினேன். அவர் அந்தச் சிறுமியின் நெற்றியில் விபூதியைப் பூசி, "இதோ மருந்து! இனி ஒரு குறையும் இல்லை" என்றார். சிறுமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தாய் அழுதாள். நான் மேடை ஓரத்தில் நின்று, இரண்டாம் பாதியில் இவளையே மேடைக்குக் கூப்பிட்டு விபூதி உருண்டையைக் கையில் கொடுக்கலாம், பிரமாதமாக இருக்கும் என்று திட்டம் போட்டேன்.

இடைவேளை விட்டோம். எங்கள் ஊரில் மேகம் கட்டினால் ஊரெல்லாம் கூடிப் பார்த்து, வருமா வராதா என்று பந்தயம் கட்டிய பிறகும் வராது. பெங்களூரில் கேள்வி முறை இல்லாமல் கொட்டுகிறது. ஒரே அடியாக மழை, அடுத்த நொடி கரண்ட் போனது. ஜனங்கள் சிதறி ஓடினார்கள். ஓடுகிற அவசரத்தில் கதிரேசன் கையிலிருந்த தட்டிலிருந்து ஆளுக்கொரு சிட்டிகை விபூதியை அள்ளி, பெட்டியில் மிஞ்சியிருந்த எங்கள் நோட்டீஸிலேயே மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மைக் செத்துவிட்டது. "உட்காருங்க, இன்னும் பாதி இருக்கு" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். தகரக் கூரைகள் மேல் விழுந்த மழைச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

"நோட்டீஸாவது கையில போச்சே" என்றேன் ஸ்டெல்லாவிடம், ஆட்டோவில் நனைந்து ஒடுங்கியபடி.

"தமிழ் நோட்டீஸ். அதை எவ படிப்பா?" என்றார் ஸ்டெல்லா.

கதிரேசன் வீடு வந்த பிறகும் சாப்பாட்டைத் தொடவில்லை. "நாளைக்கே போய் மீதியை முடிச்சிடணும் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். நாளை பிரேசர் டவுனில் ஊசித்துளை கேமரா செய்யும் பட்டறை, நாளை மறுநாள் ஊருக்குப் போகணும், இதில் எங்கே நேரம் என்று நான் கணக்குப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்தில் காலி டப்பாவும் கறுப்புக் காகிதமுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவின் பின்பக்க எண்ணெய்க் காகிதத்தில் கொடிக்கம்பம் தலைகீழாக விழுந்ததைப் பார்த்து ஒரே ஆரவாரம். அந்த நேரத்தில் குமாரின் ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. மனுஷன் முகமெல்லாம் பல்.

"மேடம், சக்கத்தா பண்ணிட்டீங்க! காலையிலேருந்து எங்க வீட்டாண்ட க்யூ. சாமி எங்க, சாமி எங்கன்னு கேக்கறாங்க. இன்னொரு தபா இட்டுகினு வாங்க."

"குமார், அவர் சாமி இல்லன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"அதெல்லாம் ரெண்டாவது பார்ட்ல ஏதோ ஸ்பீச்சுன்னு சொன்னீங்க. ஸ்பீச்ச வுட்டுடலாம் மேடம். ஜனத்துக்கு முத பார்ட்டே ஜோரா இருந்துச்சு."

அவரே மேலே சொல்லிக்கொண்டு போனார்: "அந்த ஜெயம்மா இல்ல, பொண்ண முன்னால கொணாந்து வுட்டுதே, அதுதான் ரொம்ப குஷி. பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வரும், பாவம். ஆஸ்பத்திரி மாத்திரைய நேத்து நைட்டே நிறுத்திடுச்சு. சாமியே சொல்லிட்டாரு, இன்னும் இன்னாத்துக்கு மாத்திரைன்னு."

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மாணவி ஒருத்தி அப்படி நிறுத்தி, வகுப்பிலேயே விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை வலிப்பு விடாமல் வந்திருக்கிறது. நேற்று ராத்திரி ஒரு வேளை, இன்று காலை ஒரு வேளை. பட்டறையை ஸ்டெல்லா தலையில் கட்டிவிட்டு, கதிரேசனையும் சாமான் பையையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

வழியில் குமாருக்குப் புரிய வைத்தோம். கதிரேசன் பையிலிருந்து ஒரு விபூதி உருண்டையை எடுத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒளித்துக் காட்டிவிட்டு முன்சீட்டுக்கு நீட்டினார். விபூதியைக் கஞ்சியில் பிசைந்து காய வைத்த சின்ன உருண்டை, அவ்வளவுதான். குமார் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அதை நசுக்கிப் பார்த்தார். கையெல்லாம் விபூதி கொட்டியது.

"என் மாமியாருக்குக் கூடக் குடுத்தனே மேடம்" என்றார்.

ஜீவனஹள்ளியில் நிஜமாகவே வரிசை நின்றது. கதிரேசனை பேண்ட் சட்டையில் பார்த்து முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடியைப் பார்த்ததும் சலசலப்பு. குமார் ஆட்டோ மேலேயே மைக்கைக் கட்டி, "இவரு சாமி இல்லீங்கோ, நம்ம மாதிரி ஆளுதான், எல்லாரும் வந்து பாருங்கோ" என்றார். இரண்டாம் பாதியை அந்தத் தெரு நடுவில், மேடையில்லாமல், விளக்கில்லாமல் நடத்தினோம். கதிரேசன் எச்சில் ஊறிய நாக்கில் கற்பூரத்தை வைத்து, சூடு தாங்காத நேரத்தில் வாயை மூடி அணைப்பதைக் காட்டினார். பிள்ளைகள் விபூதி உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு ஆளுக்காள் ஆசீர்வாதம் செய்தார்கள். பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள். சிலர் குமாரைத் திட்டினார்கள். ஒரு கிழவர் மட்டும், "அதெல்லாம் சரி, எனக்கு முட்டி வலி கொறஞ்சிருக்கு" என்று பிடிவாதமாக நின்றார். வேறு நாளாக இருந்தால் அவரோடு நான் மல்லுக்கு நின்றிருப்பேன். அன்று என் கண்கள் கூட்டத்தில் ஜெயம்மாவைத் தேடிக்கொண்டிருந்தன. அவள் இல்லை.

"ஈஜிபுராவுல தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கா" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "பாப்பாவ இட்டுகினு கெளம்பிட்டா. நல்ல சேதி சொல்லிட்டு வரேன்னு போனா. கையில கொஞ்சம் விபூதியும் எடுத்துகினுதான் போச்சு."

ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. குமார் ஆட்டோவைத் திருப்பினார். அல்சூர்ப் பக்கம் ஒரு கல்யாண ஊர்வலம், பேண்டு வாத்தியத்தோடு. அதைத் தாண்டினால் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை, ரோடு போடுகிறவன், சிக்னல் எல்லோரும் சேர்ந்து சதி செய்வதாக எனக்குத் தோன்றியது. நான் குமாரின் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "ஒந்து நிமிஷம் மேடம், பறக்க முடியாது" என்றார் அவர் கடைசியில், கொஞ்சம் கோபமாக. கதிரேசன் தன் வலது உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நெத்தியில வெச்சப்ப அந்தக் குழந்தை கண்ணை மூடிச்சு டீச்சர்" என்றார். "அப்பவே சொல்லியிருக்கணும். வேஷத்துல இருந்தேன், வாய் வரலை."

கையைக் காட்டித் தடுத்தது நான் என்பதை அவர் சொல்லவில்லை. நான்தான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஜிபுராவில் எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. தங்கச்சி பெயர் கோவிந்தம்மா, கட்டட வேலைக்குப் போகிறவள் என்பது தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முதல் நாள் வந்த பள்ளிக்கூடத்து வாசலில் விளையாடிய பிள்ளைகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டம்ளர் மிஸ்" என்று கத்தினார்கள். அவர்கள்தான் வழி காட்டினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசல்படியில் அந்தச் சிறுமி உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் நேற்றைய விபூதி அழியாமல் இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

ஜெயம்மா கதிரேசனைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஓடி வந்து காலைத் தொடக் குனிந்தாள். அவர் பின்வாங்கி, அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நான் சாமி இல்ல. ஆபீஸ்ல கிளார்க். நேத்து காட்டினதெல்லாம் வித்தை. போலிச் சாமியாருங்க இப்படித்தான் ஏமாத்துவாங்கன்னு காட்டறதுக்கு வந்தோம். பாதியில மழை வந்துடுச்சு. பாப்பாவுக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாதும்மா."

உருண்டையை எடுத்து நசுக்கிக் காட்டினார். அவள் அசையாமல் பார்த்தாள். "இன்னொரு தபா காட்டுங்க" என்றாள். மறுபடி காட்டினார். சிறுமி சிரித்துக்கொண்டே ஓடி வந்து, "எனக்கு, எனக்கு" என்று கையை நீட்டினாள். அவர் ஒரு உருண்டையைக் கொடுத்தார். அவளும் நசுக்கித் தன் தலையில் தானே தூவிக்கொண்டாள்.

நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். மூளையில் மின்சாரம் மாதிரி ஒன்று ஓடுகிறது, அது சில நேரம் தாறுமாறாகிவிடும், மாத்திரைதான் அதை அடக்கி வைக்கிறது என்று சொன்னேன். வகுப்பில் சொல்வதைவிட எளிமையாகத்தான் சொன்னேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா சொல்லிருக்காங்க. ஒரு வேள கூட உடக் கூடாதுன்னாங்க. எனக்குத் தெரியும்." பிறகு கதிரேசனைப் பார்த்தாள். "எங்க ஏரியாவுல எத்தினியோ சாமி வந்துகினு போய்க்கினு இருக்கும். கயிறு கட்டும், தாயத்து குடுக்கும். ஒரு சாமி கூட மாத்திரைய நிறுத்துன்னு சொன்னதில்ல. நீங்கதான் சொன்னீங்கோ."

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அதை எழுதிக் குடுத்தது நான்" என்றேன்.

"எதுக்கு?"

"ரெண்டாவது பாதியில அது பொய்னு காட்டறதுக்கு."

"நான் மொத பாதிதான பாத்தேன்" என்றாள்.

அவள் உள்ளே போய் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்தாள். மாத்திரை அட்டை அதில்தான் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லையாம். ஒன்றைப் பிரித்து, சொம்புத் தண்ணீரோடு சிறுமியிடம் கொடுத்தாள். சிறுமி முகத்தைச் சுளித்தாள். "நேத்து இனிமே வேணாம்னு சொன்னியே" என்றாள் தாயிடம். ஜெயம்மா அவள் முகவாயைப் பிடித்து விழுங்க வைத்தாள். விட்டுப்போன வேளைக்கு என்ன செய்வது என்று கேட்க இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், ஆட்டோ இருக்கிறது என்று நான் சொன்னேன். குமாரும் தலையை ஆட்டினார். சரி என்றாள். அவள் குரலில் கோபம் போயிருந்தது. திட்டிக்கொண்டே இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சிறுமியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு அவள் ஒரு நிமிடம் வெளியே நின்றாள். ஏறுங்கள், நேரமாகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தன் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டே பேசினாள்.

"ராத்திரிலதான் இவளுக்கு ஜாஸ்தி வரும். எனக்குத் தூக்கத்துல தெரியாம போய்டுமோன்னு இந்தத் தலப்ப அவ காலுல கட்டிகினுதான் படுப்பேன். கால் இழுத்தா எனக்கு முழிப்பு வந்துடும். ரெண்டு வருஷமா அப்டித்தான். நேத்து கட்டல. விடிஞ்சது கூடத் தெரியாம தூங்கினேன்."

தலைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

"இன்னைக்கு மறுபடியும் கட்டணும்" என்றாள்.